காலடியில் எஹலியகொட: விளையாட்டுக் கிளப்புகளின் உடைமாற்று அறைகளும் குளியலறைகளும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் வீதியில் அவிசாவளையைத் தாண்டியதும் வரும் எஹலியகொடவை ரப்பர் தோட்டங்களையும் மாணிக்கக்கல் குழிகளையும் வைத்தே பலரும் அறிவார்கள். ஆடம்பர விளையாட்டுக் கிளப்புகளோடு இந்த ஊரின் பெயரை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஆனால் ரோயல் செரமிக்ஸ் நிறுவனம் 'ரொசெல்' என்ற பெயரில் விற்கும் டைல்கள் சுடப்படும் தொழிற்சாலைகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. லங்கா வோல்டைல் நிறுவனம் சுவர் டைல் செய்யத் தொடங்கியதும் இதே இரத்தினபுரி மாவட்டத்தின் பலாங்கொடையில்தான். மாத்தளைப் பக்கத்து பெல்ஸ்பாரும், மீட்டியாகொடை, பொரலெஸ்கமுவ வெண்களியும், களுத்துறைப் பக்கத்துக் களிமண்ணும் இந்நாட்டு டைலாகவும் பீங்கானாகவும் மாறுகின்றன. கொழும்பில் ஒரு நீச்சல் வீரர் ஷவரை விட்டு வெறுங்காலோடு வெளியே வரும்போது இந்தச் சப்ரகமுவ மாகாணத்தின் சூளையில் வெந்த தரையை மிதித்திருக்கக்கூடும்.

எனவே ஒரு விளையாட்டுக் கிளப்பின் உடைமாற்று அறையும் குளியலறையும் எப்படி இருந்தால் அழகு என்ற கேள்வியை எஹலியகொடவில் நின்று கேட்பது பொருத்தமே. பொருத்தத்துக்கு இன்னொரு காரணம் மழை. இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இங்கே சாயங்காலம் கொடியில் போட்ட துண்டு மறுநாள் காலையிலும் ஈரமாகவே தொங்கும். ஈரத்தை வெல்லும் அறையை இந்த ஊரில் கட்ட முடிந்தால் இலங்கையில் எங்கும் கட்டலாம். ஈரத்தை வெல்லாத அறைக்கு எத்தனை லட்சம் ரூபாய்க்கு டைல் ஒட்டினாலும் ஆறாம் மாதம் அது நாறும்.

கழுவும் இடத்தை அழகாகச் செய்வது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அனுராதபுர நூதனசாலையில் உள்ள செதுக்கிய சிறுநீர்க் கற்களைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். நகரின் மேற்குப் புறத்தில் தியானத் துறவிகள் வாழ்ந்த மடங்களிலிருந்து கிடைத்த அந்தக் கற்களில் மாளிகை முகப்பும் பூவேலையும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மற்ற மடங்களின் ஆடம்பரத்தைத் துறந்த துறவிகள், அந்த ஆடம்பரத்தின் மேல் தமக்கிருந்த அலட்சியத்தைக் காட்டவே இப்படிச் செதுக்கினார்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது கல்லுக்குக் கீழே இருந்த ஏற்பாடு. மணலும் கரியும் சுண்ணாம்பும் இட்ட பானைகளின் வழியே கழிவு வடிந்து மண்ணுக்குள் போயிற்று. செதுக்கு வேலை மேலே, வடிகட்டி கீழே. இரண்டும் ஒரே கையின் திட்டம்.

அதே அனுராதபுரத்தின் குட்டம் பொக்குண என்ற இரட்டைக் குளமும் அப்படித்தான். தண்ணீர் நேரே குளத்துக்குள் விழுவதில்லை. வண்டல் தங்கும் சிறு தொட்டிகளைக் கடந்துதான் உள்ளே வருகிறது. அரங்கலை என்னும் இடத்தின் வனமடத்தில் ஜந்தாகரம் எனப்படும் வெந்நீர்க் குளியல் மண்டபத்தின் இடிபாடு இன்னும் நிற்கிறது. ரோமர்களின் குளியற்கூடங்களில் உடை கழற்றுவதற்கென்றே தனி அறை இருந்ததையும், பொம்பெயில் அந்த அறையின் சுவரில் ஆளுக்கொரு மாடம் விட்டிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் இன்றைய லொக்கரின் மூதாதை யாரென்று தெரிந்துவிடும். பழையவர்கள் இந்த அறைகளை ஒதுக்குப்புறமாக நினைக்கவில்லை.

அவற்றை ஒதுக்குப்புறமாக்கியது வெள்ளைக்காரரின் தோட்டக் காலம் என்பேன். டிக்கோயாப் பக்கத்து தரவளைக் கிளப் 1868-இலும் நுவரெலியா ஹில் கிளப் 1876-இலும் கொழும்பின் ரோயல் கோல்ஃப் கிளப் 1879-இலும் தொடங்கின. களனிப் பள்ளத்தாக்குத் துரைமாருக்கு அவிசாவளை அருகே தல்துவையில் சொந்தக் கிளப் இருந்தது. அதன் ரக்பி அணி நாடறிந்த அணி. அவிசாவளைக்கு 1902-இலும் இரத்தினபுரிக்கு 1912-இலும் வந்து சேர்ந்த குறுகிய ரயில்பாதை எஹலியகொட வழியாகவே போயிற்று. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதியை 1970களில் மூடிவிட்டார்கள். மிஞ்சிய பாதை இன்றும் ரோயல் கோல்ஃப் கிளப்பின் புல்தரையை ஊடறுத்துத்தான் ஓடுகிறது. ரயில் வந்தால் ஆட்டக்காரர்கள் மட்டையைத் தாழ்த்திக் காத்து நிற்பார்கள். ரப்பர் ஏற்றிய பாதையும் கோல்ஃப் மைதானமும் ஒரே வரலாற்றின் பிள்ளைகள்.

அந்தக் கிளப்புகளில் மதுச்சாலைக்கும் பில்லியர்ட்ஸ் மேசைக்கும் தேக்கும் பித்தளையும் இழைத்தார்கள். கழிவறை பின்கட்டில், தண்ணீர் தூக்குகிறவரும் கூட்டுகிறவரும் வரும் வழியில் இருந்தது. பெண்களுக்குப் பக்கவாசல். தொழிலாளிக்கோ லயத்தில் வரிசைக்கொரு குழாய், தள்ளி நிற்கும் பொதுக் கக்கூஸ், குளிக்கப் பீலி. இந்த மூன்று அடுக்கும் இன்றைய கட்டட வரைபடங்களில் இன்னும் ஒளிந்திருக்கிறது. புதிய கிளப் ஒன்றைத் திட்டமிடுகிறவர்கள் இதை உணர்ந்தே வரைகோலை எடுக்க வேண்டும்.

இனி அறைக்குள் வருவோம்; முதலில் வாசல். மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கினால் மைதானம் முழுக்கச் செம்மண் சேறு. அந்தச் சேற்றோடு ஆட்டக்காரர் உள்ளே வந்தால் எந்தத் தரையும் தாங்காது. வாசலுக்கு வெளியே, கூரைக்கு அடியில், உட்கார்ந்து சப்பாத்தைக் கழுவ ஒரு திண்ணையும் தாழ்வான குழாய்களும் வேண்டும். அந்தத் தண்ணீர் நேரே கானுக்குப் போகாமல் வண்டல் தொட்டி ஒன்றில் தங்கிப் போக வேண்டும். குட்டம் பொக்குண கட்டியவர்களுக்குத் தெரிந்த பாடம் இது. நம் காலத்து ஒப்பந்தக்காரர்கள் பலர் தவறவிட்டு, பிறகு மாதாமாதம் அடைப்பெடுக்க ஆள் தேடுகிறார்கள். இரத்தினபுரி மாவட்டம் எலிக்காய்ச்சலுக்கும் டெங்குவுக்கும் பேர்போனது. சேற்றுநீர் தேங்கும் வாசலும் இலை அடைத்த பீலித் தகடும் வெறும் அசிங்கம் என்று விட்டுவிடக் கூடியவை அல்ல. நோய் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தரைக்கு வருவோம். விளம்பரப் படங்களில் மின்னுகிற பளபளப்பு டைல், நனைந்த வெறுங்காலுக்குப் பொறி. ஜெர்மன் தரநிலை ஒன்று வெறுங்கால் நடக்கும் ஈரத் தரைகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. சோப்புத் தண்ணீர் ஓடும் சரிவுப் பலகையில் ஆளை நடக்கவிட்டு, 12 பாகை, 18 பாகை, 24 பாகைச் சரிவு வரை வழுக்காத டைலுக்கு முறையே அந்த எழுத்துகளைத் தருகிறார்கள். உடை மாற்றும் இடத்துக்கு ஏ போதும். ஷவருக்குள் பி-யாவது வேண்டும். டைல் வாங்கப் போகிறவர்கள் நிறத்தைக் கேட்பதற்கு முன் இந்த எழுத்தைக் கேட்டால் எத்தனையோ இடுப்பெலும்புகள் தப்பும். இன்னொரு கேள்வி, டைல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது. தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காத போர்சிலின் வகையே ஈரத் தரைக்கு ஏற்றது. ஷவர் தரையில் சிறிய டைல்களே நல்லவை. இடுக்குகள் கூடும், காலுக்குப் பிடிப்பும் கூடும், தரையை வடிகாலை நோக்கிச் சாய்ப்பதும் மேசன்மாருக்கு எளிது. சுவரில் பெரிய டைல்கள். இடுக்குகள் குறைய, பூஞ்சணம் குடியேறும் இடமும் குறையும். நிறத்தைப் பொறுத்தவரை தூய வெள்ளையில் செம்மண் தெரியும், கறுப்பில் சோப்புக் கறை தெரியும். ஆற்றுக் கல்லின் சாம்பலும் காய்ந்த ரப்பர் இலையின் பழுப்பும் இந்த மண்ணுக்குப் பொருந்தும். கிணற்று நீரில் இரும்பு கூடுதலாக இருந்தால் வெள்ளைப் பீங்கானில் துருக்கோடு விழும். பேசின் தெரிவு செய்யும் முன் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது.

அடியில் ஆணி வைத்த சப்பாத்தோடு ஆட்டக்காரர் நடக்கும் பாதைக்கு டைலே வேண்டாம். ரப்பர் விரிப்புப் போடலாம். 1876-இல் நாற்றாக வந்து ஹெனரத்கொடையில் ஊன்றிய ரப்பர் மரத்தின் பிள்ளைகள் எஹலியகொடவைச் சுற்றி நிற்கின்றன. தோட்டத்தில் வெட்டிய பால் கிளப்பின் தரையாக மாறுவதைவிட இந்த மண்ணுக்கு உரிய அலங்காரம் வேறென்ன?

எல்லாவற்றிலும் கடினம் காற்றுதான். குளிரூட்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஈரமான குளியலறையை ஒட்டிக் கடும் குளிரூட்டிய அறை இருந்தால் நடுச்சுவரில் நீர் முத்துமுத்தாகக் கட்டும். மூன்று மாதத்தில் பெயின்ட் பொருக்காக உதிரும். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா தன் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் காட்டிய வழி வேறு. அகலமான தாழ்வாரம், வானம் தெரியும் முற்றம், எதிரெதிர்த் திறப்புகள். அவருடைய கண்டலம ஹோட்டலில் தங்கியவர்கள் வெளியே காடும் குளமும் தெரியும் குளியலறைகளை நினைவில் வைத்திருப்பார்கள். ஷவர்களை ஒரு சிறு முற்றத்தைச் சுற்றி வைத்து, சுவரின் அடியிலும் உச்சியிலும் காற்றுத் துளை விட்டு, ஆள் உயரத்துக்கு மேல் பார்வையைத் திறந்துவிட்டால் மறைவும் கிடைக்கும், வெளிச்சமும் கிடைக்கும்.

ஆனால் பாவாவின் வழியும் எஹலியகொடவின் ஜூன் மாதத்துக்கு முழுதாகப் போதாது. வெளிக்காற்றே நனைந்திருக்கும்போது ஜன்னலைத் திறப்பதால் துண்டு காயாது. காற்றை ஓடவிட வேண்டும். கொஞ்சம் சூடாக்கவும் வேண்டும். அறையின் காற்று மணிக்குப் பத்து முறையாவது மாறும்படி உறிஞ்சு விசிறி வேண்டும். அதோடு உலர்த்தும் அறை என்று தனியாக ஒன்றை நான் வற்புறுத்துவேன். தோட்டத்துப் புகைக்கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த மழையிலும் ரப்பர் ஷீட் நான்கைந்து நாளில் காய்ந்து பொன்னிறமாவது சூடும் காற்றோட்டமும் சேர்ந்த அந்தக் கூடத்தால்தான். புகை இல்லாமல், வெந்நீர்க் கொதிகலனின் வீண் சூட்டைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் சிறு அறை ஒன்றில் சப்பாத்தும் கையுறையும் நீச்சல் உடையும் ஒரே இரவில் காயும். மழைநாட்டில் அங்கத்தவருக்குத் தரக்கூடிய மிகப் பெரிய ஆடம்பரம் அது. இத்தாலியிலிருந்து இறக்கிய பேசினால் அந்தச் சுகத்தைத் தர முடியாது.

லொக்கர் விடயத்தில் பெரும்பாலான பிழைகள் பலகையைத் தெரிவு செய்வதில் நடக்கின்றன. எம்டிஎஃப் பலகை இந்த ஈரத்தில் ஓரிரு பருவமழைக்குள் ஊதிவிடும். இரும்பு அலமாரி வெட்டிய ஓரத்தில் துருப்பிடிக்கும். பதப்படுத்தாத ரப்பர் மரப் பலகையைப் பூஞ்சணமும் வண்டும் பிடிக்கும். போரன் மருந்தேற்றிப் பதப்படுத்தியது மரச்சாமானுக்கு உதவும் என்றாலும் ஷவருக்குப் பக்கத்தில் வேண்டாம். ஈரப் பக்கத்துக்கு அழுத்திச் செய்த பினோலிக் பலகை, உலர் பக்கத்துக்குத் தேக்கு அல்லது பலா என்று பிரிப்பது நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு கதவிலும் காற்றுத் துளை இருக்கட்டும். லொக்கர் தரையைத் தொடாமல் ஒரு சாண் உயர்ந்து நிற்கட்டும். கழுவும் துடைப்பம் அடியில் போய்வரும். மேல்முகடு சரிவாக இருந்தால் தூசியும் ஈரத் துண்டும் அங்கே தங்காது. 300 மில்லிமீட்டர் அகலம் என்ற வழமையான அளவில் கிரிக்கெட் பை நுழையாது, மடித்த சேலையும் கசங்கும். யார் எதைக் கொண்டு வருவார்கள் என்று கேட்டு அளவு போட வேண்டும்.

பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 மார்ச் முடிவில் இந்நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. அட்டையைக் காட்டினால் திறக்கும் பூட்டும், கையை நீட்டினால் தண்ணீர் விழும் குழாயும் மின்சாரம் இல்லாதபோது என்ன செய்யும் என்பதை வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். 2020-இல் டைல், குளியலறைப் பொருள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டுக் குழாயின் ஒரு சிறு வாஷருக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. உதிரிப்பாகம் அவிசாவளைக் கடையில் கிடைக்குமா என்ற கேள்வியும் வடிவமைப்பின் ஒரு பகுதியே.

வெந்நீர் குறித்துச் சுருக்கமாக: தொட்டியில் 60 பாகை செல்சியஸில் வைத்து, ஷவர் வாயில் உடம்புக்கு இதமான சூட்டுக்குக் கலந்து இறக்க வேண்டும். 1976-இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் கூடியவர்களிடையே பரவிய நோயிலிருந்து உலகம் அறிந்த லெஜியோனெல்லாக் கிருமி வெதுவெதுப்பான தேங்கிய நீரில்தான் பெருகுகிறது. வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று: கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கு போட்டால் முகத்தில் நிழல் விழும்; இரு பக்கமும் போடுங்கள்.

கழிவறைக்குள் நம் பழக்கமும் இடம்பெற வேண்டும். வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து வரைந்த பல கழிவறைகளில் கடதாசிச் சுருள் இருக்கும். கழுவத் தண்ணீர் இருக்காது. ஒவ்வொரு அறையிலும் கைஷவரும், அந்தத் தண்ணீர் வடிய தரைச் சாய்வும் கட்டாயம். தொழுகைக்கு முன் கால் கழுவுகிறவர்களுக்குத் தாழ்வான குழாயும் அமரும் கல்லும் வேண்டும். பேசினுக்குள் காலைத் தூக்கி வைக்கும் சங்கடத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கீரா 1966-இல் வெளியிட்ட குளியலறை ஆய்வு, மனித உடம்பையும் அதன் அசைவையும் அளந்து பொருட்களை வடிவமைக்கச் சொன்னது. நம் உடம்பையும் நம் பழக்கத்தையும் அளந்து பார்க்கும் வேலை நம்முடையது.

பெண்கள் பக்கம் பல கிளப்புகளில் பின்னால் சேர்த்த அறையாகவே நிற்கிறது. லண்டன் லோர்ட்ஸ் மைதானத்துக்குரிய எம்சிசி பெண்களை அங்கத்தவராக ஏற்க 1998 வரை ஆயிற்று. வாசல் திறந்தபின் ஒரு பழைய சாமான் அறையைக் கொடுத்துக் கண்ணாடி மாட்டிவிட்டால் போதாது. நீண்ட கூந்தலை உலர்த்த இடம், சேலையோ சல்வாரோ ஈரத்தில் படாமல் மாற்ற ஆளுக்கொரு மறைவறை, தரையில் பை வைக்காமல் மாட்டக் கொக்கி, மாதவிடாய்த் துவாயைப் போட மூடியுள்ள தொட்டி, கதவுக்கு உள்ளேயே ஒரு குழாய். கழிவறை எண்ணிக்கையிலும் ஆண்களுக்குச் சமம் என்று நிறுத்தாமல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்; பெண்களுக்கு நேரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. மகளை நீச்சலுக்கு அழைத்து வரும் அப்பாவுக்கும், முதிய அம்மாவுக்கு உதவ வரும் மகனுக்கும் முழுக்கதவுள்ள குடும்ப அறை ஒன்று இருந்தால் எத்தனையோ சங்கடம் நீங்கும்.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பேசும்போது அஜித் பெரேராவின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. கிரிக்கெட் நடுவராக உயர்ந்து வந்தவர். 1992-இல் அவர் போன காரின் மேல் மரம் விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். கட்டடங்களில் சக்கர நாற்காலி நுழையும் வழிக்கும் கழிவறைக்கும் அவர் போராடினார். அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006-இல் வந்தும் நடைமுறையாகாதபோது உயர் நீதிமன்றத்துக்கே போனார். பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களில், குறிப்பாகக் கழிவறைகளில், அணுகுவசதி இருக்க வேண்டும் என்று 2011 ஏப்ரல் 27-இல் கட்டளை பிறந்தது. விளையாட்டு உலகத்திலிருந்து வந்த ஒருவர் பெற்றுத்தந்த உரிமை விளையாட்டுக் கிளப்புகளிலேயே மறுக்கப்படுவது வேதனை. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம், 900 மில்லிமீட்டர் கதவு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள், உறுதியான கைப்பிடிக் கம்பி, படியில்லாத ஷவர். வரைபடத்திலேயே இடம் விட்டால் இதற்குச் செலவு சிறிது. கட்டிய பிறகு இடித்துச் செய்தால்தான் பெருஞ்செலவு. பிடிகம்பியை மருத்துவமனைக் கம்பி போலச் செய்ய வேண்டியதும் இல்லை. மற்றக் கொக்கிகளின் அதே பித்தளையில் செய்தால் அறையின் அழகோடு ஒன்றிவிடும்.

டோக்கியோவின் ஷிபுயாவில் 2020 முதல் 17 பொதுக் கழிவறைகளை ததாவோ அண்டோ, கெங்கோ குமா, ஷிகேரு பான் போன்ற பெருங்கலைஞர்களைக் கொண்டு கட்டினார்கள். அந்தத் திட்டத்தில் என்னை ஈர்த்தது கட்டடங்களைவிட, அவற்றைத் துப்புரவு செய்யும் ஒருவரை நாயகனாக்கி 2023-இல் விம் வெண்டர்ஸ் எடுத்த திரைப்படம். அறையின் அழகைத் தினமும் திரும்ப உண்டாக்குகிறவர் அவரே. நம் கிளப்புகளில் அவருக்கு என்ன இருக்கிறது? பல இடங்களில் படிக்கட்டின் அடியில் வாளி வைக்க ஒரு மூலை மட்டும். மலைநாட்டிலும் சப்ரகமுவவிலும் கிளப்புகளிலும் ஹோட்டல்களிலும் இந்த வேலைக்கு வருகிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர். லயத்துப் பொதுக் கக்கூஸில் வரிசை நின்று விட்டு வந்து பளிங்குக் கழிவறையைத் தேய்க்கிறவர்களுக்குக் கிளப்பிலும் தனிக் கழிவறை இல்லை என்றால் அந்த இடத்தை ஆடம்பரக் கிளப் என்று நான் ஏற்க மாட்டேன்.

துப்புரவை மனத்தில் வைத்து வரைந்த அறை தானாகவே அழகாகவும் அமைந்துவிடும் என்பதே என் அனுபவம். சுவரில் தொங்கும் கொமட் அடியில் துடைப்பம் போகும். தரையும் சுவரும் சேரும் மூலையை வளைத்து விட்டால் அழுக்கு தங்காது. ஒவ்வொரு பகுதிக்கும் கழுவக் குழாய் இருந்தால் வாளி தூக்க வேண்டாம். மருந்துப் போத்தல்களுக்குக் காற்றோட்டமான தனி அலமாரி, கையுறைக்குக் கொக்கி, வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்ற அங்கத்தவருடையதைப் போலவே ஒரு ஷவரும் லொக்கரும். இவை மொத்தச் செலவில் ஒரு சிறு பங்குதான்.

மாணிக்க ஊரின் வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் மூழ்கியது. செப்டிக் தொட்டியைத் தாழ்வான மூலையில் புதைத்தால் வெள்ளம் வரும்போது அது பின்வழியாக அறைக்குள் திரும்பும். அந்த ஒரு நாள் போதும், மற்ற எல்லா வேலையையும் வீணாக்க.

சப்ரகமுவவில் கிளப்போ ரிசோர்ட்டோ விளையாட்டு மண்டபமோ கட்ட வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டைல் மாதிரிப் பெட்டியைத் திறக்கும் முன் மழைநாளில் நிலத்தைப் பாருங்கள். தண்ணீர் போகும் வழியையும் காற்று வரும் திசையையும் குறியுங்கள். பணியாளர் அறையையும் பெண்கள் அறையையும் வரைபடத்தில் முதலில் போடுங்கள். கட்டி முடித்தபின் மிஞ்சும் டைல் பெட்டிகளைக் களஞ்சியத்தில் போட்டுவிடாமல் பக்கத்துத் தோட்டப் பாடசாலை மைதானத்துக்கு அனுப்புங்கள். அங்கே விளையாடும் பெண்பிள்ளைகளுக்கு, தாழ்ப்பாள் போடக்கூடிய கதவும் தண்ணீரும் உள்ள ஓர் உடைமாற்று அறை வேண்டும்.